ஓர் ‘உம்’ செய்த அநியாயம்

ஆன்டனி பர்ஜெஸைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளில் எதை எடுத்தாலும் வரிசை மாறாது. ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ உட்பட 33 நாவல்கள் எழுதியவர், விமர்சகர், மொழிபெயர்ப்பாளர், ஜாய்ஸைப் படிக்கத் துணைநூல் செய்தவர், தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை கொடுத்தவர். எல்லாம் சொல்லி முடித்து, முற்றுப்புள்ளி வைக்கப் போகும் நேரத்தில் திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் ஒரு வால்: இசையும் அமைத்தார்.

அந்த ‘உம்’மோடுதான் வழக்கு. பள்ளிக்கூடத்தில் எச்ச உம்மை என்று படித்திருப்போம். ‘கந்தனும் வந்தான்’ என்றால் கந்தனுக்கு முன்னால் வேறு யாரோ வந்தாயிற்று என்று பொருள். முன்னால் வந்தவர் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார், கந்தனுக்குத் திண்ணை. நாவலாசிரியர் பர்ஜெஸ் கூடத்தில் இருக்க, இசையமைப்பாளர் பர்ஜெஸை ஆங்கில இலக்கிய உலகம் அரை நூற்றாண்டாகத் திண்ணையிலேயே உட்கார்த்தி வைத்திருக்கிறது.

திண்ணையில் இருப்பவரின் சொத்துக் கணக்கு சின்னதல்ல. மூன்று சிம்பொனிகள். அவற்றோடு பியானோப் படைப்புகள், கிட்டார் நால்வர் குழுவுக்கானவை, பாடல்கள், இசைநாடகம் என்று மொத்தம் 250க்கும் மேல். மான்செஸ்டரில் அவர் பெயரால் நடக்கும் அறக்கட்டளை சொல்லும் எண்ணிக்கை இது. ஐந்து நிமிடப் பியானோத் துண்டையும் ஒரு நாவலையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் 250 என்பது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சேர்கிற கணக்கு இல்லை.

பர்ஜெஸின் இசை பற்றிப் புழங்கும் கருத்து இரண்டு உருவத்தில் வரும். நல்ல மனசுக்காரர்கள் அதைப் பொழுதுபோக்கு என்பார்கள். கொஞ்சம் உளவியல் படித்தவர்கள், ‘தோற்றுப்போன இசைக்காரர், அந்த ஏக்கத்தைத்தான் நாவலில் தீர்த்துக்கொண்டார்’ என்பார்கள். இரண்டும் தப்பு. இரண்டாவது, புத்திசாலித்தனமாகத் தெரிவதால், கூடுதல் தப்பு.

தோல்வி என்று சொல்ல வேண்டுமானால் ஒருவர் எங்கேயாவது போட்டியிட்டிருக்க வேண்டும். பர்ஜெஸ் எங்கே போட்டியிட்டார்? 1917இல் மான்செஸ்டரில் பிறந்தார்; இயற்பெயர் ஜான் வில்சன். அப்பா ஜோசப் வில்சன் ஊமைப்படக் கொட்டகைகளிலும் மதுக்கடைகளிலும் பியானோ வாசித்தவர். அம்மா எலிசபெத் பர்ஜெஸ் மேடையில் ஆடிப் பாடியவர். 1918ஆம் ஆண்டு ஃப்ளூ காய்ச்சல் மகளையும் அவரையும் அடுத்தடுத்துக் கொண்டுபோனபோது இந்தப் பையனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. பின்னாளில் வைத்துக்கொண்ட எழுத்துப் பெயரில் இருக்கும் பர்ஜெஸ் அந்த அம்மாவுடையது. மாற்றாந்தாய் நடத்திய மதுக்கடையில் வளர்ந்தார். இத்தனை பியானோ வீட்டைச் சுற்றி இருந்தும் ஒழுங்கான பாடம் எதுவும் இல்லை. அப்பா ஒரு நாள் பியானோவில் ‘மிடில் சி’ என்ற கட்டை எங்கே இருக்கிறது என்று காட்டினார். பிறகு அதே சுரம் தாளில் எங்கே உட்காரும் என்று காட்டினார். அவ்வளவுதான் குருகுலவாசம். மற்றதைப் பையன் தானே தேடிக்கொண்டான். அதற்கு முன்னால் தன் கையாலேயே செய்த ஒரு கிரிஸ்டல் ரேடியோவில், காதுக் கருவியை அழுத்திப் பிடித்தபடி தெபுஸியின் இசை ஒன்றைக் கேட்டிருக்கிறான். துணையில்லாத ஒற்றைப் புல்லாங்குழல் வளைந்து இறங்கித் தொடங்குகிற படைப்பு அது. இசையமைப்பாளனாவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்கு விண்ணப்பித்தார். இடமில்லை என்று விட்டார்கள். காரணம், இயற்பியலில் மதிப்பெண் போதவில்லை. அலைநீளம் தெரியாதவன் ஆலாபனை பண்ணக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ. ஆங்கில இலக்கியம் படித்தார். ஒரு விண்ணப்பத்தாள் திரும்பி வந்ததை ஒரு கலைஞனின் தோல்வி என்று எழுதுகிற வழக்கம் வேறு எந்தத் துறையிலும் கிடையாது.

போர்க்காலத்தில் ராணுவ மருத்துவப் படையின் கேளிக்கைக் குழுவில் பியானோ வாசித்தார். குழுவுக்கு இசைக்கோப்பு செய்தார். பிறகு ஜிப்ரால்டரில் படையினருக்குப் பாடம் நடத்தும் வேலை. அந்த அனுபவத்தை வைத்து 1949இல் எழுதிய முதல் நாவலின் நாயகன் ரிச்சர்ட் என்னிஸ் ஓர் இசையமைப்பாளன். அந்த நாவல் அச்சேறியது 1965இல். அதாவது, இசைக்காக மட்டும் காத்திருந்தவர் இல்லை. முதல் நாவலுக்காகவும் பதினாறு வருடம் காத்திருந்தார். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை.

இங்கே எதிர்த்தரப்பு தன் பெரிய சாட்சியைக் கூப்பிடும். 1959இல் புருனேயில் ஆசிரியராக இருந்தபோது வகுப்பறையிலேயே மயங்கி விழுந்து பர்ஜெஸ் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டார். மூளையில் கட்டி என்று சந்தேகம். ஒரு வருடம்தான் ஆயுள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஒரு வருடத்தில் உட்கார்ந்து ஐந்து நாவல் எழுதித் தள்ளினார். ‘பாருங்கள், சாவு வாசலில் நிற்கும்போது அவர் கை தேடிப்போனது எதை? நாவலைத்தானே? சொனாட்டாவை இல்லையே?’

முதல் விஷயம், இந்தக் கதையைப் பர்ஜெஸ் சொன்னபடியே நம்ப வேண்டாம். மருத்துவர்கள் அப்படிச் சொன்னார்களா என்பதிலேயே வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. தன்னைப் பற்றிக் கதை கட்டுவதில் மனிதர் சமர்த்தர். 1963இல் ஜோசப் கெல் என்ற இன்னொரு புனைபெயரில் வெளியிட்ட தன் நாவலுக்குத் தானே ‘யார்க்‌ஷயர் போஸ்ட்’ இதழில் மதிப்புரை எழுதி, மாட்டிக்கொண்டு, அந்த வேலையை இழந்தவர். அவருடைய வாக்குமூலத்தைச் சாட்சியாக வைக்கிறவர்கள் பார்த்து வைக்க வேண்டும்.

சரி, கதை முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அவரே சொன்ன காரணத்தையும் அதோடு கேட்க வேண்டும் இல்லையா? விதவையாகப் போகிற மனைவிக்கு ஏதாவது காசு விட்டுச்செல்ல வேண்டும் என்பதுதான் காரணம். நாவலுக்குப் பதிப்பாளர் முன்பணம் கொடுப்பார். சொனாட்டாவுக்கு யார் கொடுப்பார்கள்? வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்று ஒருவர் செய்த ஏற்பாட்டை, அவர் மனசு எதில் இருந்தது என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது, கடைக்குக் கணக்கெழுதப் போகிற கவிஞரைப் பிறவிக் கணக்குப்பிள்ளை என்பதுபோல.

இரண்டு கலைகளுக்கும் ஆகிற செலவை இந்த விவாதத்தில் யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு நாவல் பிறக்க மேசை, தட்டச்சுப்பொறி, ஒரு கட்டுக் காகிதம், தபால் செலவு போதும். படிப்பவர் ஒரே ஒருவராக இருந்தாலும் அது நாவல்தான். சிம்பொனிக்குக் கதை வேறு. முழுப்பிரதியின் ஒரு பக்கத்தில் குழல், ஓபோ, கொம்பு, முரசு, வயலின் என்று இருபதுக்கும் மேற்பட்ட வரிசைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக ஓடும். எழுதியவருக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேர வேலை. கேட்பவருக்கு சில விநாடி. பிரதி முடிந்ததும் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அவருடைய வரிசையை மட்டும் தனியாகப் பெயர்த்தெழுத வேண்டும். அதில் ஒரு சுரம் பிசகினாலும் ஒத்திகையில் அத்தனை பேரும் நிற்பார்கள். பிறகு எழுபது எண்பது கலைஞர்கள், அவர்களுக்குச் சம்பளம், ஒத்திகை நேரம், அரங்கம், நடத்துநர். இவ்வளவும் கூடிவந்தால்தான் அந்தக் காகிதம் இசையாகும். கூடிவராவிட்டால் அலமாரியில் கிடக்கும். அலமாரியில் கிடந்த காரணத்துக்காக ஒரு படைப்பாளியைப் பொழுதுபோக்குக்காரர் என்றால், அந்தத் தீர்ப்பை வழங்குவது காது இல்லை, கல்லாப்பெட்டி.

1975 அக்டோபர் 22. அமெரிக்காவின் ஐயோவா சிட்டி. பல்கலைக்கழக இசைக்குழு, ஜேம்ஸ் டிக்ஸன் நடத்த, பர்ஜெஸின் சி மேஜர் சிம்பொனியை வாசித்தது. மூன்றாவது சிம்பொனி இது. முந்தைய இரண்டின் பிரதிகளும் இன்று இல்லை. தன் சிம்பொனியை ஒரு முழு இசைக்குழு வாசிக்க அவர் அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது வயது 58. அதற்குள் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’வை இயக்குநர் குப்ரிக் படமாக்கி உலகமே அமளிப்பட்டிருந்தது. பேர் இருந்தது, பணம் இருந்தது. இனி எதையும் நிரூபிக்க வேண்டிய நிலையில் இல்லாத ஒருவர், அந்த இரவுக்குப் பிறகு இசையைக் குறைத்துக்கொண்டாரா? கூட்டினார். இன்று கிடைக்கும் அவருடைய இசைப் படைப்புகளில் பெரும்பகுதி அதற்குப் பிந்தியது.

‘பணமும் ஓய்வும் வந்தால் பொழுதுபோக்கும் பெருகத்தானே செய்யும்?’ என்று மடக்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு 1985ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். பாக் பிறந்து 300 ஆண்டு நிறைந்த அந்த வருடம் பர்ஜெஸ் மின் கீபோர்டுக்கென்று 24 முன்னிசைகளும் 24 ஃபியூக்குகளும் எழுதினார். ஃபியூக் என்பது கூட்டுக் குடும்பத்தில் சேதி பரவுகிற மாதிரி. முதல் குரல் தனியாக ஒரு சிறு மெட்டைச் சொல்லும். அது முடிந்ததும் இரண்டாவது குரல் அதே மெட்டை ஐந்து சுரம் மேலே எடுத்துக்கொள்ளும். அந்நேரம் முதல் குரல் சும்மா இருக்காது, வேறொன்றைப் பேசிக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒருவர் பேச்சும் இன்னொருவர் பேச்சோடு மோதக் கூடாது. ஒன்று எழுதவே மண்டை காயும். பர்ஜெஸ் பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர் என்று அத்தனை சுதிக்கும் ஒவ்வொன்று செய்தார். நல்ல சுதி சேர்த்தது என்று பொருள்படும் பாக்கின் தலைப்பை முறுக்கி, முன்கோபி மின் கீபோர்டு என்று அர்த்தம் வருகிற மாதிரி ‘தி பேட்-டெம்பர்டு எலெக்ட்ரானிக் கீபோர்டு’ என்று பேர் வைத்தார். தலைப்பில்தான் விளையாட்டு. பொழுதைப் போக்குகிறவர்கள் பிடித்த நாலு சுதியில் எழுதிவிட்டு எழுந்துபோவார்கள்; இருபத்துநான்காவது வரை உட்கார மாட்டார்கள்.

இசையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதால் நாவல்களுக்கும் சேதம் உண்டு. புகழ்பெற்ற அந்த ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’வையே எடுத்துக்கொள்ளலாம். 1962இல் வந்த நாவல் மூன்று பாகம், பாகத்துக்கு ஏழு அத்தியாயம், ஆக 21. மனிதன் முழு வயதுக்கு வருகிற எண் என்று வேண்டுமென்றே வைத்த கணக்கு. அமெரிக்கப் பதிப்பாளர் கடைசி அத்தியாயத்தை வெட்டிவிட்டார். 1986 வரை அங்கே 20 அத்தியாயம்தான். குப்ரிக்கின் படமும் அந்த வெட்டுப்பட்ட கதையில்தான் முடிகிறது. வெட்டப்பட்ட அத்தியாயம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்: நாயகன் அலெக்ஸ் திருந்துவது நம்பும்படி இல்லை, திடீரென்று வருகிறது, பாதிரியார் பிரசங்கம் என்று.

திடீரென்று வரவில்லை. இசை வழியாக வருகிறது. அடிதடிக்கும் ரத்தத்துக்கும் துணையாகப் பீத்தோவனின் பெரும் இசைக்குழு ஓசையை வைத்துக்கொண்ட பையன், 21ஆம் அத்தியாயத்தில் ஒற்றைக் குரலும் ஒரு பியானோவும் மட்டும் இருக்கிற மெல்லிய ஜெர்மன் பாடல்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறான். ஏன் என்று அவனுக்கே புரியவில்லை. தன் வயதில் மொஸார்ட் எவ்வளவு செய்து முடித்திருந்தார் என்று யோசிக்கிறான். கத்தியைக் கீழே வைப்பதற்கு முன்பே காது மாறிவிட்டது. மனமாற்றத்துக்கு இதைவிட நுட்பமான அடையாளத்தை ஒரு நாவலாசிரியர் வைக்க முடியுமா தெரியவில்லை. இசையைத் திண்ணையில் விட்டுவிட்டு வாசிப்பவர் கண்ணில் இது படாது. வன்முறையை விடவைக்க அவனுக்குக் கொடுக்கும் சிகிச்சைக்கு லுடோவிகோ முறை என்று பெயர். லுட்விக் வான் பீத்தோவனின் பெயருக்கு இத்தாலிய உருவம் அது. மருந்தின் பெயரிலேயே நோயாளியின் தெய்வம் இருக்கிறது. போதாததற்கு, அலெக்ஸ் ரசிக்கும் இசையமைப்பாளர்களில் சிலர் உலகில் இல்லாத ஆட்கள். நாவலுக்கென்று பர்ஜெஸ் பிறப்பித்தவர்கள்.

இந்த இடத்தில் ஒரு பாராட்டு வந்து குறுக்கே நிற்கும்: ‘ஆமாம், அவர் உரைநடையே இசைமயம்!’ எதிரியைக் காட்டிலும் இந்த நண்பர்தான் ஆபத்து. உரைநடை இசைமயம் என்பது பெரும்பாலும் எதுகை மோனை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. பர்ஜெஸ் இசையிலிருந்து எடுத்துக்கொண்டது ஓசையை இல்லை, கட்டுமானத்தை.

1974இல் வந்த ‘நெப்போலியன் சிம்பொனி’ பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியான எரோய்காவின் மேல் கட்டிய நாவல். நான்கு பகுதி, நான்கு இயக்கம். இசைத்தட்டை ஓடவிட்டு நேரம் குறித்து, எந்தப் பகுதிக்கு எத்தனை பக்கம் என்று அதற்குத் தக வகுத்துக்கொண்டார். இதில் உடனே ஒரு சிக்கல். எரோய்காவின் இரண்டாம் இயக்கம் சவ ஊர்வலம். நாயகனைப் பாதியிலேயே பாடையில் ஏற்றிவிட்டு, மீதி இரண்டு இயக்கங்களுக்கு என்ன செய்வது? பீத்தோவன் ஏதும் செய்ய வேண்டியதில்லை. சுரத்துக்குக் கதை கிடையாது, அடுத்து துள்ளலாக ஒரு ஸ்கெர்ட்ஸோ போட்டுவிடலாம். நாவலாசிரியருக்கு அந்தச் சலுகை இல்லை. படிப்பவர் ‘செத்தவர் எப்படி எழுந்தார்?’ என்று கேட்பார். அந்த முரண்டோடு கடைசிப் பக்கம் வரை மல்லுக்கட்டுவதுதான் இந்த நாவல். எல்லா இடத்திலும் ஜெயிக்கவில்லை. சில பக்கங்கள் இழுவை. இதைப் படமாக்கக் குப்ரிக் மறுத்ததில் பெரிய அநியாயம் இல்லை. ஆனால் இசையை வெளியிலிருந்து ரசிக்கிறவருக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே பட்டிருக்காது.

1991இல், மொஸார்ட்டின் 200ஆம் நினைவாண்டில் எழுதிய நூலில் இன்னும் ஒரு படி போனார். மொஸார்ட்டின் 40ஆம் சிம்பொனியை வாக்கியங்களால் செய்து பார்த்தார். முடியவில்லை. முடியவில்லை என்பதை அந்த நூலுக்குள்ளேயே சொல்லியும் விட்டார். சொல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். சுரம் ஒரே நொடியில் நாலாக ஒலிக்கும். இந்த வேலியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல இரண்டு பக்கத்திலும் நிலம் வைத்திருப்பவரால்தான் முடியும். ‘என் எழுத்தில் சங்கீதம் இருக்கிறது’ என்று மேடையில் சொல்லும் எழுத்தாளர்கள் அநேகமாக வேலிக்கு இந்தப் பக்கமே நின்றவர்கள்.

மலாயாவுக்கு வருவோம், அங்கே நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1954இல் குவாலா கங்சாரில் மலாய்க் கல்லூரி ஆசிரியராகப் போய்ச் சேர்ந்த ஜான் வில்சன், ஆன்டனி பர்ஜெஸ் என்ற பெயரில் எழுதத் தொடங்கியது அங்கேதான். மலாயா நாவல்கள் மூன்றில் கடைசியான ‘பெட்ஸ் இன் தி ஈஸ்ட்’ 1959இல் வந்தது. மலாய்க்காரர், சீனர், சீக்கியர் எல்லாரும் புழங்கும் அந்த நாவலில் தமிழர்களும் ஓரமாக நிற்கவில்லை. ரோஸ்மேரி மைக்கேல் என்ற தமிழ்ப் பெண் முக்கியப் பாத்திரம். அவளைச் சுற்றிச் சுற்றி வரும் வைத்திலிங்கம் அரசாங்கக் கால்நடை மருத்துவர். யாழ்ப்பாணத்திலிருந்து போய் மலாயா அரசு உத்தியோகங்களில் அமர்ந்த ஒரு தலைமுறையைப் பர்ஜெஸ் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். எப்போதும் கருணையோடு பார்த்தார் என்று சொல்ல முடியாது.

அதே நாவலில் ராபர்ட் லூ என்ற சீனப் பையன் இருக்கிறான். அப்பாவின் கடையில் வேலை செய்துகொண்டு, ஜூக்பாக்ஸ் இரைச்சலுக்கு நடுவே, யாரும் கேட்காத ஒரு சிம்பொனியை எழுதி வைத்திருக்கிறான். கல்வி அதிகாரி விக்டர் கிராப் அதை எப்படியாவது அரங்கேற்ற அலைகிறார். நடக்கவில்லை. நாவலை மட்டும் படிப்பவர் இதைக் காலனிய அங்கதம் என்று சிரித்துவிட்டுப் போவார். ஆனால் அந்த ஆண்டுகளில், மலாயா விடுதலையை ஒட்டி, பர்ஜெஸே ‘சின்ஃபோனி மெலாயு’ என்று ஒரு மலாய் சிம்பொனி எழுதியிருந்தார். காணாமல் போன இரண்டாவது சிம்பொனி அதுதான். தன்னுடைய கேட்பாரற்ற சிம்பொனியைத் தூக்கி ஒரு சீனப் பையன் கையில் கொடுத்துவிட்டு, தானே தள்ளி நின்று சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பில் ஏக்கம் இருக்கிறது, சரி. ஆனால் ஏக்கத்தை நாவலில் கரைத்துவிட்டு இசையை மறந்தார் என்ற வாதம் இங்கேயே உடைகிறது. சிம்பொனியும் எழுதினார், அது பற்றிய நாவலும் எழுதினார். ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வரவில்லை.

இனி, அவரைத் தோற்றவர் என்கிறவர்களே அவரை எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்போம். 1973இல் ‘சிரானோ’ என்ற இசைநாடகம் பிராட்வே மேடையேறியது. வசனமும் பாட்டு வரிகளும் பர்ஜெஸ். இசை மைக்கேல் ஜே. லூயிஸ். போகட்டும், அங்கே வியாபாரம் அப்படி. 1987இல் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’வைத் தானே இசைநாடகமாக்கி, பீத்தோவனைத் தழுவி இசையும் தானே எழுதி வெளியிட்டார். அவர் நாவல், அவர் நாடகம், அவர் இசை. 1990இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி லண்டனில் அந்தக் கதையை மேடையேற்றியபோது இசைக்கு யாரை அழைத்தார்கள்? யூ2 ராக் குழுவின் போனோவையும் எட்ஜையும். அந்த இசை பர்ஜெஸுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதை வெளிப்படையாகவே சொன்னார். பந்தியில் இலையே போடாமல் விட்டுவிட்டு, ‘அவர் சாப்பிடத் தெரியாதவர்’ என்று ஊர் முழுக்கச் சொன்னால் எப்படி?

அவர் இசை எல்லாமே உயர்ந்தது என்று யாரும் வாதாட வேண்டாம். ஜாய்ஸின் நூற்றாண்டு நாளுக்காக ‘யுலிஸஸ்’ஸைப் பாட்டும் கூத்துமாக்கி அவர் செய்த ‘புளூம்ஸ் ஆஃப் டப்ளின்’ 1982இல் பிபிசியிலும் அயர்லாந்து வானொலியிலும் ஒலிபரப்பானது, வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய இசைமொழி எல்கர், ஹோல்ஸ்ட், வால்டன், தெபுஸி என்ற வட்டத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை. 1975இன் நவீனர்களுக்கு அது பழைய வாடை. இவையெல்லாம் குற்றச்சாட்டுகள்தான். ஆனால் இவை ஓர் இசையமைப்பாளர் மேல் வைக்கிற குற்றச்சாட்டுகள். பொழுதுபோக்குக்காரர் மேல் இப்படி யாரும் கோபப்படுவதில்லை; தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பழைய பாணி என்று திட்டுங்கள், தாராளமாக. திட்டுவதற்கு முன் கேட்டாக வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இதில் பர்ஜெஸ் தனி ஆளும் இல்லை. மொஸார்ட் மேலிருந்த பக்தியில் தன் பெயரில் அமெடியஸ் சேர்த்துக்கொண்ட ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன், பாம்பெர்க் நாடக அரங்கில் இசை இயக்குநராக இருந்தவர். 1816இல் பெர்லினில் அவருடைய ‘உண்டீன்’ ஆபரா மேடையேறியது. இன்று அவர் மாயக்கதைக்காரர் மட்டும். ஆபராவில் அவருக்கு இடம் கிடைத்ததுகூட ஆஃபென்பாக் இசையில் ஒரு பாத்திரமாக. பால் போல்ஸ் டென்னஸி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’க்கு இசை கொடுத்து நியூயார்க் நாடக உலகில் பேர் வாங்கிய பிறகு 1949இல் ஒரு நாவல் எழுதினார். அந்த ஒரு நாவல் முந்தைய பதினைந்து வருட இசை வாழ்க்கையை ‘ஆரம்ப கால முயற்சி’யாக்கிவிட்டது. அச்சுக்குக் கிடைக்கும் ஆயுள் ஒலிக்குக் கிடைப்பதில்லை. புத்தகம் நூலகத்தில் தானே நிற்கும். இசையை ஒவ்வொரு முறையும் யாராவது எழுப்ப வேண்டும்.

பர்ஜெஸோ, தன்னை நாவல் எழுதுகிற இசைக்காரர் என்றே நினைக்க வேண்டும், இசை எழுதுகிற நாவல்காரர் என்று நினைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ‘உம்’மை இந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கி அந்தப் பக்கத்தில் ஒட்டுகிற வேலைதான் அது. ‘நாவலும் எழுதினார்’ என்பதும் அதே அநியாயம். ‘எர்த்லி பவர்ஸ்’ போன்ற நாவலை எழுதிய ஆளைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் வராது.

1993 நவம்பரில் அவர் இறந்தபோது அவர் இசையைக் கேட்க வழியில்லை என்பது ஓரளவு உண்மையான சாக்கு. இப்போது அது செல்லாது. இசையையும் நாவல்களையும் சேர்த்து ஆராய்ந்து நடத்துநர் பால் பிலிப்ஸ் எழுதிய பெரிய நூல் 2010இல் வந்தாயிற்று. அவரே நடத்திய பிரவுன் பல்கலைக்கழக இசைக்குழுவின் பதிவு, ஷேக்ஸ்பியர் வாழ்க்கையை வைத்துப் பர்ஜெஸ் எழுதிய பாலே இசையோடு, 2016இல் நாக்சோஸ் வெளியீடாக வந்தது. அந்த 24 முன்னிசைகளையும் ஃபியூக்குகளையும் ஸ்டெஃபான் கின்ஸ்பர்க் பியானோவில் வாசித்த பதிவு 2018இல் வந்தது. அடுத்த முறை பர்ஜெஸ் பற்றிக் குறிப்பு எழுத உட்காருகிறவர்கள் அதில் முதல் நாலு ஃபியூக்கையாவது கேட்டுவிட்டுப் பேனாவை எடுக்கட்டும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதட்டும்.